வேலை போனா மூணு காசு: நோட்டீஸ், கம்பென்சேஷன், பெர்கெசோ

மலேசியாவுல பேராக் பக்கம் இருக்குற சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து டவுன்ல வேலை போன ஆளுங்க பேசிக்கிறத ஒட்டுக் கேட்டீங்கன்னா ரெண்டு விதமான பேச்சு காதுல விழும். "கம்பெனியே காசு கொடுத்துட்டான், இனிமே சொக்சோவுல போய் என்னத்த கேக்கறது"ம்பாங்க ஒரு கூட்டம். "அதான் இப்ப இஐஎஸ் இருக்கே, மாசம் மாசம் புடிக்கிறானே, அது வந்துரும், கம்பெனி ஒண்ணும் தர வேணாமாம், மேனேஜரே சொல்லிட்டாரு"ம்பாங்க இன்னொரு கூட்டம். சொக்சோன்னாலும் பெர்கெசோன்னாலும் ஒண்ணுதான், தொழிலாளிங்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம். இஐஎஸ்ங்கறது வேலை போனவங்களுக்காக அது நடத்துற இன்சூரன்ஸ். அந்த ரெண்டு பேச்சுமே தப்பு, ஆனா ரெண்டாவது தப்புல லாபம் யாருக்குன்னு நான் சொல்லத் தேவையில்ல.

ஆள்குறைப்புன்னு வந்தா ஒரு தொழிலாளிக்கு மூணு காசு இருக்கு. நோட்டீஸ் காசு, கம்பென்சேஷன், பெர்கெசோவோட இஐஎஸ் அலவன்ஸ். மொத ரெண்டும் முதலாளி பையிலேர்ந்து வரணும், மூணாவது நீங்களும் முதலாளியும் மாசா மாசம் கட்டுன இன்சூரன்ஸ்லேர்ந்து வருது. ஒண்ண வாங்குனா இன்னொண்ணு கழியாது, குறையாது. ஏன்னா மூணும் மூணு வெவ்வேற விஷயத்துக்கு. நோட்டீஸ்ங்கறது "திடீர்னு வெளிய தள்ளாதே, கொஞ்சம் டைம் கொடு"ங்கறதுக்கு. கம்பென்சேஷன் இத்தன வருஷம் உழைச்சதுக்கு. இஐஎஸ் இனிமே வேலை தேடப் போற மாசங்களுக்கு அரிசி பருப்பு வாங்க.

நோட்டீஸ்லேர்ந்து வருவோம். 1955 வேலைவாய்ப்புச் சட்டத்துல ரெண்டு வருஷத்துக்குக் கீழ வேலை செஞ்சவருக்கு 4 வாரம், ரெண்டுலேர்ந்து அஞ்சு வருஷத்துக்குள்ளன்னா 6 வாரம், அஞ்சு வருஷமும் அதுக்கு மேலயும்னா 8 வாரம். ஆஃபர் லெட்டர்ல ரெண்டு வாரம்னு போட்டிருக்கே, நீ சைன் போட்டியேன்னு எச்ஆர் காட்டுவாங்க. கம்பெனி மூடுறதோ, வேலை குறைஞ்சு போனதோ, இடம் மாத்துறதோ, கம்பெனி கை மாறுறதோ காரணமா இருந்தா அந்த ரெண்டு வாரம் செல்லாது, சட்டத்துல இருக்குறதுக்குக் கீழ போக முடியாது. அதுக்கு மேல போட்டிருந்தா மேலயே கொடுக்கணும்.

நோட்டீஸ் காலத்துல வேலைக்கு வர வெக்கலாம், இல்ல "நாளையிலேர்ந்து வராதே"ன்னு அந்த வாரங்களுக்கான சம்பளத்த கையில கொடுத்து அனுப்பலாம். ரெண்டும் ஒண்ணுன்னு நெனைக்காதீங்க. வேலை செஞ்சு வாங்குற சம்பளத்துக்கு இபிஎஃப், அதாவது ஓய்வுகாலச் சேமிப்பு நிதி உண்டு, நோட்டீசுக்குப் பதிலா கொடுக்குற காசுக்கு இபிஎஃப் கெடையாது. எட்டு வாரத்து முதலாளி பங்கு போச்சு. அதுக்காக உடனே காச வாங்கிட்டுப் போறது மோசம்னு சொல்ல வரல, வேற வேலை ரெடியா இருந்தா அதுதான் நல்லது. ஆனா கணக்கு தெரிஞ்சு முடிவு எடுங்க.

அடுத்தது கம்பென்சேஷன். எங்க ஊர்ல எல்லாத்தையும் சேர்த்து ஒரே வார்த்தையா கம்பென்சேஷன்னு சொல்றோம், சட்டத்துல இதுக்கு 1980ல போட்ட தனி விதிமுறை இருக்கு. தொடர்ந்து 12 மாசமாவது வேலை செஞ்சிருக்கணும். ரெண்டு வருஷத்துக்குக் கீழன்னா வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், ரெண்டுலேர்ந்து அஞ்சுக்குள்ள 15 நாள், அஞ்சும் அதுக்கு மேலயும் 20 நாள். மிச்ச மாசத்தையும் விகிதப்படி சேக்கணும், "ஏழு வருஷம் நாலு மாசமா, சரி ஏழுன்னு வெச்சுக்குவோம்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. கடைசி நாளிலேர்ந்து 7 நாளைக்குள்ள கொடுத்து முடிக்கணும். யூனியன் ஒப்பந்தம் இருக்குற எடத்துல, தோட்டத்துக்குன்னா முதலாளிங்க சங்கமான மாப்பாவும் தொழிலாளிங்க சங்கமான என்யுபிடபிள்யுவும் போட்டுக்குற ஒப்பந்தம் மாதிரி, அதுல இத விட அதிகமா இருந்தா அதுதான் கணக்கு. சட்டத்துல சொல்றது தரை, கூரை இல்ல.

இந்த "ஒரு நாள் சம்பளம்"ல நெறைய வாய்த்தகராறு நடக்கும். ஓவர்டைமுக்கு மாச சம்பளத்த 26ஆல வகுக்கறோமே, இதுக்கும் அதேதானேன்னு நம்ம ஆளுங்க நிப்பாங்க. இல்ல. கடைசி 12 மாசத்துல வாங்குன மொத்த சம்பளத்த 365ஆல வகுக்கணும். தொகை கொஞ்சம் கம்மியாதான் வரும், ஆனா அதுதான் சரி, இதுல சண்டை போட்டு நேரத்த வீணடிக்காம வருஷக் கணக்கு சரியா இருக்கான்னு பாருங்க. வேலைக்குச் சேந்த தேதிய மாத்திப் போடுறதுதான் பெரிய அடி. "மொத வருஷம் நீ கான்ட்ராக்ட்ல இருந்தே, அது சேராது"ன்னு ஆரம்பிப்பாங்க. பழைய சம்பள சிலிப்பு, இபிஎஃப் ஸ்டேட்மென்ட் ரெண்டும் இருந்தா அந்தப் பேச்சு அங்கயே நின்னுரும், ஏன்னா எந்த கம்பெனி பேர்ல எந்த மாசம் காசு கட்டுனாங்கன்னு அதுல கெடக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். செம்பனை மில்லுல ஒரு அக்கா ஏழு வருஷம் நாலு மாசம் வேலை, மாசம் 2,000 வெள்ளி (ரிங்கிட்). வருஷத்துக்கு 24,000, அத 365ஆல வகுத்தா நாளுக்கு 65 வெள்ளி 75 காசு. வருஷத்துக்கு 20 நாள்னா ஏழே கால் வருஷத்துக்கும் கொஞ்சம் மேல, மொத்தம் 146 நாளும் முக்கால் நாள் கிட்டயும் வருது, ஆக கம்பென்சேஷன் 9,640 வெள்ளி சொச்சம். நோட்டீஸ் 8 வாரம், அத கையில வாங்குனா சுமார் 3,600, 3,700. இது ரெண்டும் கம்பெனி கணக்கு.

இப்ப மூணாவது. அதே அக்காவோட சம்பள சிலிப்ப எடுங்க. இபிஎஃப் பெருசா கண்ணுல படும், அதுக்குக் கீழ சொக்சோ, அதுக்கும் கீழ எஸ்ஐபின்னோ இஐஎஸ்ன்னோ ஒரு வரி, 3 வெள்ளி 90 காசு. சில்லறைக் காசு, அதனாலதான் யாரும் கவனிக்கறதில்ல. தொழிலாளி 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு. சம்பளத்த நூறு நூறு வெள்ளியா பிரிச்சு ஒவ்வொரு படிக்கும் ஒரு அனுமான சம்பளம் வெச்சிருக்காங்க, 1,900க்கு மேல 2,000 வரைக்கும் இருக்குறவங்களுக்கு அது 1,950. கட்டுறதும் அதுலதான், வாங்குறதும் அதுலதான். உச்ச வரம்பு மொதல்ல 4,000 வெள்ளி, 2022 செப்டம்பர்ல 5,000 ஆச்சு, 2024 அக்டோபர்லேர்ந்து 6,000.

இது வந்ததே ரொம்ப லேட்டு. 1998 நெருக்கடியில ஃபேக்டரி ஃபேக்டரியா ஆள வெளிய அனுப்புனப்பவே தொழிற்சங்கங்களோட கூட்டமைப்பான எம்டியுசி ஒரு நிதி வேணும்னு கேக்க ஆரம்பிச்சது. கம்பென்சேஷனுக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கு பாருங்க, கொடுக்க வேண்டிய கம்பெனியே காசில்லாமதான் மூடுறான். திவாலான ஆளுகிட்ட சட்டத்த காட்டி என்ன பண்றது. அந்த ஓட்டைய அடைக்கத்தான், மூடுற கம்பெனிய நம்பி இருக்காம தனியா ஒரு இன்சூரன்ஸ். 2017ல சட்டம், 2018 ஜனவரிலேர்ந்து பிடிப்பு, 2019 ஜனவரிலேர்ந்து முழு சலுகை. அடுத்த வருஷமே கோவிட் வந்துச்சு, 2020 மே மாசம் நாட்டுல வேலையில்லாதவங்க 5.3 விழுக்காடு. ஒரு வருஷம் லேட்டாயிருந்தா என்ன ஆயிருக்கும்னு சில சமயம் நெனச்சுப் பாப்பேன்.

வேலை தேடுற அலவன்ஸ் எவ்ளோன்னா, சட்டம் வந்தப்ப வெச்ச விகிதப்படி மொத மாசம் 80 விழுக்காடு, ரெண்டாவது 50, மூணாவதும் நாலாவதும் 40, அஞ்சாவதும் ஆறாவதும் 30. நம்ம மில்லு அக்காவுக்கு 1,560, அப்புறம் 975, ரெண்டு தடவ 780, ரெண்டு தடவ 585. ஆறு மாசமும் கெடைச்சா மொத்தம் 5,265 வெள்ளி. எல்லாருக்கும் ஆறு மாசம் இல்ல, எவ்ளோ காலம் கட்டியிருக்கீங்கங்கறத பொறுத்து மூணுலேர்ந்து ஆறு மாசம். மொத தடவ கேக்கறவங்க வேலை போறதுக்கு முந்தின 24 மாசத்துல 12 மாசமாவது கட்டியிருக்கணும். மாசம் மாசம் இறங்கிக்கிட்டே வர்றதப் பாத்து சில பேருக்குக் கோவம் வரும், ஆனா அது வேணும்னுதான் வெச்சது, சீக்கிரம் வேலை தேடுன்னு முதுகுல தட்டுறது. சீக்கிரம் கெடச்சுட்டா வாங்காத மிச்சத்துல 25 விழுக்காட்ட மொத்தமா கொடுக்கற ஏற்பாடும் அதுலயே இருக்கு. அக்கா ரெண்டு மாசத்துல வேலைக்குப் போயிட்டாங்கன்னா மிச்சம் 2,730, அதுல கால் பங்கு 682 வெள்ளி 50 காசு. புது வேலையில மொத சம்பளம் வர்ற வரைக்கும் பெட்ரோல் காசுக்காவது ஆகும். ட்ரைனிங் போறவங்களுக்குக் கட்டணமும் உண்டு, ஆனா வகுப்பு நடக்குறது பெரும்பாலும் ஈப்போ மாதிரி பெரிய ஊர்ல, இங்கேர்ந்து போய் வர வண்டி இருக்கணும்.

இனிமே சொல்லப் போறதுதான் நான் இத எழுத உக்காந்ததுக்கே காரணம். இஐஎஸ்க்கு வேலை போன தேதியிலேர்ந்து 60 நாளைக்குள்ள மனு போடணும். நோட்டீஸ் காலம் முழுக்க வேலை செஞ்சீங்கன்னா அந்தக் கடைசி நாள்லேர்ந்து எண்ணணும். ஆனா எட்டு வாரத்து காச கையில கொடுத்து இன்னிக்கே அனுப்பிட்டாங்கன்னா இன்னிக்கே வேலை போன தேதி. இங்கதான் நம்ம ஆளுங்க விழறாங்க. "எட்டு வாரத்து சம்பளம் கையில இருக்கு, இது தீரட்டும், அப்புறம் பெர்கெசோவுக்குப் போவோம், இப்பவே போனா பேராசை புடிச்சவன்னு நெனப்பாங்க"ன்னு இருந்துடறாங்க. எட்டு வாரம்னா 56 நாள். மிச்சம் நாலே நாள். அதுல ஒரு சனி ஞாயிறு வந்துட்டா, நடுவுல தீபாவளியோ ஹரிராயாவோ வந்துட்டா, கம்பெனி லெட்டர் வேணும்னு கேட்டு அத வாங்க அலைஞ்சா, முடிஞ்சுது. நோட்டீஸ் காச வாங்குன அந்த வாரமே மனு போடுங்க, ரெண்டு காசும் ஒரே மாசத்துல வந்தா தப்பே இல்ல.

இன்னொரு 60 நாளும் இருக்கு, அதையும் இதோட குழப்பிக்கிறாங்க. "ஆள்குறைப்புன்னு சொல்றான், ஆனா என் எடத்துக்கு அடுத்த வாரமே வேற ஆள போட்டுட்டான்"னா அது ஆள்குறைப்பே இல்ல, அநியாய வேலை நீக்கம். அதுக்குத் தொழில் உறவு இலாகாவுல 60 நாளைக்குள்ள புகார் கொடுக்கணும், வேலைய திரும்பக் கேக்கற மனு அது. நோட்டீஸ் காசும் கம்பென்சேஷனும் வரலன்னா போக வேண்டியது லேபர் ஆபீஸ். இஐஎஸ்க்கு பெர்கெசோ. மூணு கதவு, ஒரு கதவுல தட்டுனா இன்னொரு கதவுக்குச் சேதி போகாது. லேபர் ஆபீஸ்ல கேஸ் ஓடிக்கிட்டிருக்கு, அது முடியட்டும்னு பெர்கெசோவுக்குப் போகாம உக்காந்திருந்தவங்க உண்டு.

அடுத்தது கம்பெனி சைன் போடச் சொல்லி நீட்டுற ராஜினாமா லெட்டர். இதப் பத்தி எவ்ளோ சொன்னாலும் பத்தாது. ஆபீஸுக்குக் கூப்புட்டு, ஏர்கான் ரூம்ல உக்கார வெச்சு, மலாய்ல டைப் பண்ண ஒரு தாள நீட்டுவாங்க, "சாயா டெங்ஙான் ரேலா ஹாத்தி மெலெத்தாக் ஜவாத்தான்"னு ஆரம்பிக்கும், அதாவது நான் மனசாரத்தான் வேலைய விடறேன்னு. "இதுல சைன் போட்டா நாளைக்கே ரெண்டாயிரம் வெள்ளி, போடலன்னா இழுக்கும்"னு பக்கத்துல ஒரு பேச்சு. சைன் போட்ட மறு நிமிஷம் மூணு காசும் போச்சு. தானா விலகுனவருக்கு முதலாளி நோட்டீஸ் தர வேண்டியதில்ல, கம்பென்சேஷன் கெடையாது, இஐஎஸ்சும் கெடையாது. ரெண்டாயிரத்துக்குப் பதிலா நம்ம அக்கா கணக்குல பதினெட்டாயிரத்துக்கு மேல விட்டுக் கொடுத்ததாகும். லெட்டர்ல வேலை நிறுத்துறது கம்பெனிதான், காரணம் ஆள்குறைப்புன்னு இருக்கணும். மலாய் படிக்க வராதுன்னா வெக்கப்படாதீங்க, வீட்டுக்குக் கொண்டு போய் பிள்ளைங்ககிட்ட காட்டிட்டு வரேன்னு சொல்லுங்க. தரமாட்டேன்னா போன்ல ஒரு போட்டோ.

விஎஸ்எஸ், அதாவது கம்பெனி ஒரு பேக்கேஜ் கொடுத்து விருப்பப்பட்டவங்கள விலகச் சொல்ற திட்டம், வேற கதை, அதுவும் நாமளா ஒத்துக்குறதுதான், ஆனா அதுக்கு இஐஎஸ் உண்டு. பேக்கேஜ் எவ்ளோங்கறது கம்பெனி இஷ்டம், அதனால 1980 கணக்குப்படி எவ்ளோ வரும்னு மொதல்ல நீங்களே போட்டுப் பாத்துட்டு, அதுக்கும் கீழ நீட்டுனா எதுக்கு ஒத்துக்கணும்னு கேளுங்க. ஒழுங்கு விசாரணை வெச்சு குத்தம் நிரூபிச்சு நிறுத்துனா ஒண்ணும் கெடையாது. கான்ட்ராக்ட் காலம் முடிஞ்சு போனாலும், ரிட்டயர் ஆனாலும் இஐஎஸ் வராது. செக்ஸுவல் ஹராஸ்மென்ட்டாலயோ மிரட்டலாலயோ வேலைய விட்டவங்களுக்கு உண்டுங்கறது நெறைய பெண்களுக்குத் தெரியாது, போலீஸ் ரிப்போர்ட், கம்ப்ளெயின்ட் லெட்டர் எதுவா இருந்தாலும் பத்திரமா வெச்சுக்குங்க.

தோட்டத்துக்குன்னே இருக்குற ஒரு விஷயம், தோட்டம் கை மாறுறது. எங்க தாத்தா காலத்துல வெள்ளைக்கார கம்பெனிங்க தோட்டத்த துண்டு துண்டா வித்துட்டுப் போனப்ப ஜனங்க நடுத்தெருவுல நின்னாங்க, அதுக்குத்தான் சுங்கை சிப்புட்காரரும் அப்ப அமைச்சருமான துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதி கூட்டுறவு சங்கத்த ஆரம்பிச்சு தொழிலாளிங்க காசுலயே தோட்டம் வாங்குனாரு. இப்ப இருக்குற சட்டம் என்ன சொல்லுதுன்னா, புது ஓனர் 7 நாளைக்குள்ள பழைய நிபந்தனைக்குக் குறையாம உங்களுக்கு வேலை தரேன்னு சொல்லணும். சொல்லலன்னா உங்கள நிறுத்துன மாதிரிதான் கணக்கு, கம்பென்சேஷனுக்குப் பழைய ஓனர், புது ஓனர் ரெண்டு பேருமே பொறுப்பு. சொன்னாருன்னா பழைய வருஷங்களும் சேந்தே ஓடும், புதுசா மொத வருஷம்னு ஆரம்பிக்க முடியாது. நல்ல நிபந்தனையோட கூப்புட்டும் காரணமில்லாம மாட்டேன்னா கம்பென்சேஷன் போயிரும். "நான் பழைய துரைக்குத்தான் வேலை செஞ்சேன், இவனுக்குச் செய்ய மாட்டேன், காச கொடு"ன்னு வீராப்பு பேசி கடைசில வெறுங்கையோட போன பெருசுங்க கதை எல்லா ஊர்லயும் இருக்கும்.

நிறுத்தவும் மாட்டான், வேலையும் தரமாட்டான், இது நாள் சம்பளக்காரங்களோட பாடு. மழை, செம்பனைக் குலை இல்ல, மில்லு ரிப்பேர்னு வாரத்துக்கு ரெண்டு நாள் வேலை. தோட்டத்துல நாள் சம்பளத்துக்கு இருக்குறவங்களுக்கு மாசத்துக்கு 24 நாள் வேலை தரணும், இல்ல அதுக்கான சம்பளம் தரணும்னு வேலைவாய்ப்புச் சட்டத்துலயே இருக்கு. அதுக்கு மேல, தொடர்ந்து நாலு வாரத்துல மொத்தம் 12 வேலை நாளாவது வேலையும் இல்ல, அந்த நாளுக்குக் காசும் இல்லன்னா அத லே ஆஃப்னு எடுத்துக்கிட்டு அதே 1980 விதிப்படி காசு கேக்கலாம். இதுக்கு செக்ரோல்ல, அதாவது தோட்டத்து வேலைப் பதிவுல, பேர் விழுந்த நாள், விழாத நாள் ரெண்டுக்கும் ஆதாரம் வேணும். காலண்டர்ல பேனாவால குறிச்சு வெச்சாக்கூட லேபர் ஆபீஸ்ல பேச ஒரு புடி கெடைக்கும்.

இன்னிக்கு தோட்டத்துக்குள்ள நம்ம ஆளுங்க கொறைவுதான், குலை வெட்டறது பெரும்பாலும் வெளிநாட்டு ஆளுங்க. ஒரே வேலையில உள்ளூர் ஆளும் வெளிநாட்டு ஆளும் இருந்து ஆள்குறைக்கணும்னா வெளிநாட்டு ஆளத்தான் மொதல்ல நிறுத்தணும்னு வேலைவாய்ப்புச் சட்டத்துல இருக்கு. அவங்களுக்கு இஐஎஸ்சும் கெடையாது, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிங்களுக்கும் மட்டும்தான். அந்த அநியாயத்தப் பத்தி இன்னொரு நாள் எழுதணும். சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல வாங்குற ஆபீஸ்காரங்களுக்கும் ஒரு வார்த்தை, 2023 ஜனவரிலேர்ந்து வேலைவாய்ப்புச் சட்டம் எல்லாருக்கும்னு ஆனாலும் கம்பென்சேஷன் கணக்கு மட்டும் உங்களுக்கு அந்தச் சட்டத்துலேர்ந்து வராது, உங்க அக்ரிமென்ட்டப் பாருங்க. நோட்டீஸும் இஐஎஸ்சும் உங்களுக்கும் உண்டு.

கடைசியா கான்ட்ராக்டர்கிட்ட வேலை செய்யறவங்க. சிலிப்பே இல்ல, காசு கவர்ல வருது, இல்ல சிலிப்புல பிடிச்சிருக்கான் ஆனா பெர்கெசோவுல கட்டவே இல்ல. வேலை போனப்புறம் கவுன்டர்ல போய் நின்னு "உங்க பேர்ல நாலு மாசம்தான் இருக்கு"ன்னு கேக்கறத விட, இப்ப வேலை இருக்குறப்பவே ஐசிய (அடையாள அட்டைய) எடுத்துக்கிட்டு பெர்கெசோ ஆபீஸ்ல ஒரு தடவ செக் பண்ணுங்க. கட்டாம விட்டது முதலாளியோட குத்தம், சிலிப்ப வெச்சு அங்கயே புகார் கொடுக்கலாம். விகிதத்துலயும் விதியிலயும் அப்பப்ப திருத்தம் வருது, அதையும் அதே கவுன்டர்லயே கேட்டுட்டு வந்துருங்க.